மூச்சை இழுங்க

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். எண்பத்தேழாம் வருஷம், திருத்தணியில், பட்டப்பகலில் நடந்த சங்கதி இது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது?

டாக்டர் மனோரமாவின் நர்சிங் ஹோமுக்கு ஸ்கேன் மெஷின் வந்த புதிது. இதயம் பலவீனமானவர்களைப் படுக்கவைத்து, வயிற்றில் ஜெல்லி தடவி, இதயத்துக்குத் திரும்பும் பெரிய ரத்தக்குழாயைப் பார்ப்பாள். மூச்சை இழுத்தால் அது சுருங்க வேண்டும். பருத்து அசையாமல் கிடந்தால், உடம்பில் நீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டும் பச்சையப்பனுக்கு மாசக்கணக்கில் பருத்துத்தான் கிடந்தது. ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் பார்த்தால், அழகாகச் சுருங்கியது! மனோரமாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"காவடி எடுக்கலாமாங்க?" என்றார் பச்சையப்பன்.

"தாராளமா."

அவர் மனைவி கோவிந்தம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கண்ணாலேயே அடக்கினார். மனோரமா அதைப் பார்த்தாள். என்னவென்று கேட்கவில்லை.

கிருத்திகைக்கு மறுநாள், உச்சிவேளை. நல்ல மழை. ஸ்கேன் அறைக்குள் பச்சையப்பன் வந்தார். ஈர மஞ்சள் வேட்டி. நடந்த சத்தமே இல்லை. தானாகப் போய்ப் படுத்தார்.

மனோரமா ஜெல்லி தடவினாள். எப்போதும் "சில்லுனு கீதுங்க" என்று நெளிகிறவர்... நெளியவில்லை. அவர் வயிறுதான் சில்லிட்டிருந்தது.

திரையில் ரத்தக்குழாய் பருத்துக் கிடந்தது.

"மூச்சை இழுங்க."

அசையவில்லை.

"நல்லா இழுங்க..."

"இழுத்துகினுதான் கீறேன், டாக்டரம்மா..."

கருவியை மேலே நகர்த்தினாள். இதயம் தெரிந்தது.

அதுவும் அசையவில்லை.

டக்... கதவு திறந்தது. நர்ஸ் சந்திரா.

"இருட்டுல என்னாம்மா பண்ணிகினு இருக்கீங்க? கரண்டு போயி எவ்ளோ நேரமாச்சு!"

திரை கறுப்பாக இருந்தது. கட்டில் காலி. விரிப்பில் மட்டும் ஈரம்.

காரியம் முடிந்து கோவிந்தம்மாள் வந்தாள். கிருத்திகையன்றே, பாதிப் படியில் காவடியோடு சரிந்துவிட்டாராம்.

"இங்க ஸ்கேனுக்கு வந்தப்பவே ரெண்டு நாளா பச்சைத் தண்ணி பல்லுல படலைங்க. விரதம். சொன்னா மலையேற விடமாட்டீங்கன்னு என்னை அடக்கிட்டாரு."

மனோரமாவுக்கு அப்போதுதான் புரிந்தது. நோய் குறைந்து சுருங்கிய குழாய் அல்ல அது. தண்ணீரில்லாமல் சுருங்கியது. விரதமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மனுஷன் இன்றைக்குத் தறியில் உட்கார்ந்திருப்பார். கோவிந்தம்மாளின் வெறும் கழுத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

கோவிந்தம்மாள் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மறுநாள் உச்சிவேளைல, மழையிலதான் குளிப்பாட்டினோம். வயித்துல மட்டும் வழவழன்னு ஏதோ இருந்திச்சு. எத்தினி சொம்பு ஊத்தியும் போகலை. வழிச்சு எறிஞ்சா... திரும்பவும் வந்துகினே இருந்திச்சு. அது என்னாங்க?"