எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை

இன்றைக்கு என்ன கிழமை என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. செல்போனைப் பார்ப்பேன், சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்ப்பேன், பிறகு மனதுக்குள் ஒருதரம் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், அதனால் இப்படித் தடுமாறுகிறாள் என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும். படிப்பு நிற்பதற்கு வெகுநாள் முன்பே, எட்டு வயதில் பிடித்த பயம் இது. இப்போது என் பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில்தான் வளர்கிறார்கள். ஏழு நாட்களின் பெயரையும் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி அவர்கள் கட்டிலுக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் சிரிப்பார். அவருக்கு என்ன தெரியும்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது நாங்கள் மஸ்கட்டில் இருந்தோம். நைனாவுக்கு மீன் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. பழவேற்காடு ஏரியில் பிறந்து வளர்ந்தவரைக் குளிர் அறைக்குள் நிற்கவைத்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மீனை எடைபோடச் சொல்லியிருந்தார்கள். அந்த நாட்டில் அப்போது வியாழனும் வெள்ளியும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை மற்ற நாட்களைப் போல வேலை நாள், பள்ளிக்கூட நாள். அதனால் கோயிலில் தமிழ்ப் பூசையையும் வெள்ளிக்கிழமைக்கு மாற்றி வைத்திருந்தார்கள். கடவுள் அதற்கு ஆட்சேபம் சொன்னதாகத் தெரியவில்லை. அம்மாதான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமைதான் பூசை நாள் என்று சொல்லிப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் ஊரில் என்ன பேசுவார்கள் என்பது அம்மாவின் கவலை. கவலைப்படுவதில் நான் அவளுடைய மகள்தான். நாட்டின் சட்டத்தை அவளால் மாற்ற முடியாது. வீட்டுக்குள் பேசுகிற பேச்சை மாற்றலாம். ஆகவே எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைக்குப் பெயர் ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் இரவு, "நாளைக்கு ஞாயித்துக்கிழமை, சீக்கிரம் படுங்க" என்பாள். காலையில் எழுப்பும்போதும் அதையே சொல்வாள். நைனா ஆரம்பத்தில் கேலி செய்தார். பிறகு அவரும் பழகிவிட்டார்.

அம்மா மாற்றியது அந்த ஒரு நாளை மட்டும்தான். மீதி ஆறு நாட்களையும் நானே மாற்றிக்கொண்டேன். ஞாயிறுக்கு அடுத்தது திங்கள், அதற்கு அடுத்தது செவ்வாய் என்று வரிசை மட்டும் எனக்குத் தெரியும். ஃப்ரைடே ஞாயிறு என்றால் சாட்டர்டே திங்கள், சண்டே செவ்வாய், தர்ஸ்டே சனி. கணக்கில் பிசகே கிடையாது. பள்ளிக்கூடத்தில் எல்லாம் இங்கிலீஷில் நடந்ததால் இதை யாரும் கேட்கவும் இல்லை, திருத்தவும் இல்லை.

அந்த ஜூன் மாதம் நான் புதுநன்மை வாங்குவதற்காக ஊருக்கு வந்தோம். பூசையில் தருகிற அப்பத்தை ஒரு பிள்ளை முதல்முதலாக வாங்குகிற நாள் அது. வெள்ளை கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி. மஸ்கட்டிலேயே வாங்கியிருக்கலாம். ஆனால் அம்மா தான் வாங்கிய மாதா கோயிலிலேயே நானும் வாங்கவேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். நைனாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா, நான், நான்கு வயதுத் தம்பி, மூன்று பேரும் ஒரு மண்டேயன்று கோட்டைக்குப்பத்தில் மாமா வீட்டில் வந்து இறங்கினோம். மாமா அம்மாவுடைய தம்பி. ஏரியில் நண்டு பிடிக்கிறவர். அடுத்த வாரம் வெட்னஸ்டே திரும்பிப் போக டிக்கெட்.

மறுநாளே அம்மா என்னை உபதேசியாரிடம் கூட்டிப்போனாள். பிள்ளைகளுக்கு ஜெபங்களும் கட்டளைகளும் கற்றுக்கொடுத்து, பரீட்சை வைத்து, யார் நன்மை வாங்கலாம் என்று சாமியாரிடம் சொல்கிறவர் அவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க புள்ளைங்க ஒரு வருஷமா மந்திரம் படிச்சி, பரீட்சையும் குடுத்து முடிச்சாச்சி. நீங்க ஏரோப்ளேன்ல வந்து எறங்கி நேரா நன்மை வாங்கணும்னா எப்பிடிம்மா?"

"நான் சொல்லிக் குடுத்துக்கிறேன் ஐயா. கேட்டுப் பாருங்க."

"சனிக்கிழமை நாலு மணிக்கு வரட்டும். பதில் சொல்லிச்சினா ஞாயித்துக்கிழமை மத்தவங்களோட நிக்கலாம். இல்லனா அடுத்த வருஷம்."

எங்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருதரம்தான் லீவு. அம்மா அதை அவரிடம் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டளைகளைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

தர்ஸ்டே வந்தது. என் கணக்கில் சனிக்கிழமை. அம்மாவும் மாமாவின் மனைவியான அத்தையும் தம்பியைத் தூக்கிக்கொண்டு எனக்கு வெள்ளை ஷூ வாங்கப் பொன்னேரிக்குப் போயிருந்தார்கள். பரீட்சை நாளில் இப்படியா போவார்கள் என்று நினைத்தேன். ஒருவேளை தனியாகப் போவதும் பரீட்சையில் ஒரு பகுதியோ என்னவோ. மாமா தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றரைக்கே கிளம்பிவிட்டேன்.

கோயில் பூட்டியிருந்தது. படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். பூட்டிய கதவைப் பார்த்துப் பத்துக் கட்டளைகளையும் இரண்டு தரம் சொன்னேன். நிழல் என் காலைத் தாண்டி மணல்வரை நீளும்வரை யாரும் வரவில்லை. என்னைக் கேள்வி கேட்கவே வேண்டாம் என்று உபதேசியார் முடிவு செய்துவிட்டார் என்று எனக்குப் புரிந்துபோயிற்று. வீட்டுக்குப் போய் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அம்மா ஷூவை என் காலில் மாட்டிப் பார்த்து, கச்சிதமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள். எனக்கு அழுகையாக வந்தது.

மறுநாள், என் ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்குள் எழுந்து நானே தலைக்கு ஊற்றிக்கொண்டேன். ஒருவேளை மனது மாறியிருப்பார்களோ என்று ஒரு சின்ன ஆசை. வாசலில் வந்து உட்கார்ந்தேன். கவுன் பெட்டியிலேயே இருந்தது.

"இன்னாடி இது, காத்தாலயே குளிச்சிட்டுக் குந்தினுகீற?" என்று அத்தை கேட்டாள்.

"சும்மாதான்."

அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றாள். அத்தை, இத்தனை பேர் வந்து பார்த்துவிட்டுப் போனால் கண் படாமல் என்ன செய்யும் என்று மாதா கோயில் எண்ணெயைப் பூசினாள். இதற்கிடையில் மாமா வந்து, "ஞாயித்துக்கிழமைக்கு எட்டுக் கிலோ கறி சொல்லிட்டேன்" என்றார். எண்ணிப் பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மஸ்கட்டில் இருப்போம். எங்களை அனுப்பிவைத்துவிட்டு இவர்கள் கறி சாப்பிடப்போகிறார்கள். எனக்கு நன்மை இல்லை என்று தெரிந்துதான் அந்த வீட்டில் எல்லோரும் எனக்குத் தெரியாமல் இரக்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன்.

அதற்கும் மறுநாள் காலையில் மாமா நண்டு வலையைப் பார்க்கக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்று நின்றேன். இனி எனக்குப் படிக்க என்ன இருக்கிறது. முகம் தெளியட்டும் என்று அம்மா சம்மதித்தாள்.

"மூணு மணிக்குள்ள புள்ள ஊட்ல இருக்கணும். புரிதா?"

"அக்கா, நான் இன்னா சிங்கப்பூருக்கா இஸ்துனு போறேன்? வந்துடுவோம்."

போன் தண்ணீரில் விழுந்துவிடும் என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். கரை பின்னால் போய்க் கோடாக ஆனது. வலையிலிருந்து நண்டுகளைக் கழற்றிக்கொண்டே மாமா பேச்சுக் கொடுத்தார்.

"இன்னா கண்ணு, உபதேசியாரு கேள்விக்கெல்லாம் பதிலு ரெடியா?"

"அது முடிஞ்சிபோச்சி மாமா. அன்னிக்கே போய்ட்டு வந்துட்டேன்."

"அடி சக்க. எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல பாரு. அப்போ அவசரமே இல்ல. அந்தாண்ட இருக்குற வலையையும் பாத்துனு போவலாம்."

அப்படித்தான் தூரமாகப் போனோம். ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரம் பாதி மண்மூடிக் கிடந்த வருஷம் அது. ஏரியில் தண்ணீர் குறைவு. மதியம் தாண்டியதும் இருந்த தண்ணீரும் இறங்கி, படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. கழியால் உந்திப் பார்த்தார், அசையவில்லை. மாமா கவலைப்படவில்லை. தூக்குச் சட்டியைத் திறந்து எனக்குச் சோறு எடுத்துவைத்தார்.

"தண்ணி ஏறட்டும், போவலாம். நாளைக்குப் பாரு, வெள்ளக் கவுனு போட்டுனு நீ கொக்கு கணக்கா நிப்ப. உன் பேரச் சொல்லி நாங்க கறி துன்னுவோம்."

"நாளைக்கு செவ்வாக்கிழமைதான மாமா. ஞாயித்துக்கிழம நேத்தே போய்டுச்சி."

மாமா என் தலையில் கைவைத்துப் பார்த்தார். "வெயிலு ஏறிச்சா? இன்னிக்கி இன்னா கிழம சொல்லு."

"திங்கள்."

"இங்கிலீஷ்ல?"

"சாட்டர்டே."

மாமா சேற்றில் சிக்கிய படகே ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் உங்கம்மா வேல. அங்க வெள்ளிக்கிழமையப் போய் ஞாயிறுன்னு சொல்லி வச்சிகீறா. உங்க நைனா என்னாண்ட சொல்லிச் சிரிச்சிகீறாரு" என்றார். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு நின்றது.

"பரீட்சைக்கு என்னிக்குப் போன?"

"தர்ஸ்டே."

"யாரு இருந்தா அங்க?"

"யாரும் இல்ல."

மாமா சூரியனைப் பார்த்தார். நண்டுக் கூடையைப் பார்த்தார். பிறகு தண்ணீரில் இறங்கி, என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு கரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். ஒவ்வோர் அடிக்கும் முழங்கால்வரை சேறு இழுத்தது.

"உங்கம்மா என்ன இந்த ஏரிலயே பொதச்சிடுவா. நீ சும்மா வராத, கட்டளையச் சொல்லினே வா. மறந்துடப் போற."

தோளில் இருந்தபடியே சத்தமாகச் சொன்னேன். ஒரு கையால் அவர் தலையையும் இன்னொரு கையால் காதையும் பிடித்திருந்தேன். களவு செய்யாதே என்கிற ஏழாவது கட்டளை வந்தபோது அவர் திரும்பிப் பார்த்தார். தூரத்தில் வேறொரு படகு எங்கள் வலைப் பக்கமாக வந்துகொண்டிருந்தது. "அத மட்டும் இன்னும் சத்தமா சொல்லு. அவனுங்களுக்கும் கேக்கட்டும்" என்றார்.

கோயிலுக்கு வந்தபோது ஐந்தரைக்கு மேல் ஆகியிருந்தது. மாமா இடுப்புவரை சேறு, கரைக்குப் பக்கத்தில் இறங்கி நடந்ததால் நான் முழங்கால்வரை. உபதேசியார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு படியில் நின்றிருந்தார். பக்கத்தில் அம்மா. அம்மா திட்டுவாள் என்று பயந்துகொண்டே போனேன். திட்டவில்லை. என் சேற்றுக்காலைக்கூட அவள் பார்க்கவில்லை. உபதேசியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா மூச்சு வாங்கியபடி, "தப்பு எம்மேல ஐயா, புள்ளமேல இல்ல" என்றார். உபதேசியார் அவரை அடக்கிவிட்டு என்னைக் கேட்டார். ஜெபம் கேட்டார், சொன்னேன். கட்டளைகளைக் கேட்டார், சொன்னேன்.

"திருநாளைப் பரிசுத்தமா அனுசரிக்கணும்னு சொன்னியே, அது எந்த நாளு?"

ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மஸ்கட்டில் நாங்கள் ஒருநாளும் ஞாயிற்றுக்கிழமையில் பூசைக்குப் போனதில்லை என்பது கொஞ்சம் முன்புதான் எனக்குத் தெரியவந்திருந்தது. பொய் சொல்லாதே என்பது எட்டாவது. அதையும் இப்போதுதான் அவரிடம் சொல்லி முடித்திருந்தேன். அம்மாவைப் பார்த்தேன். அவள் உதடு ஞாயிறு என்று சத்தமில்லாமல் அசைந்தது.

"இங்க ஞாயித்துக்கிழமை" என்றேன். "எங்க ஊட்ல வெள்ளிக்கிழமதான் ஞாயித்துக்கிழமை."

உபதேசியார் அம்மா பக்கம் திரும்பினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு வேகமாகச் சொன்னாள்.

"அங்க ஞாயித்துக்கிழம லீவு இல்ல ஐயா. அதுக்காக வெள்ளிக்கிழமன்னு சொல்லியே வளந்துடுச்சினா? நம்ம புள்ளைங்க நம்ம புள்ளைங்களா இருக்கணுமேன்னு பேர மட்டும் மாத்திச் சொன்னேன். வேற இன்னா பண்றதுன்னு எனுக்குத் தெரியல."

"எத்தினி வருஷமா?"

"ஏழு வருஷமா."

"பூசைய உட்டதில்லையா?"

"சின்னவன் பொறந்த வாரம் மட்டும் உட்டுட்டேன்." அதைச் சொல்லும்போது அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஒரு வாரத்துக்காகத்தான் எங்களைத் திருப்பி அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன்.

உபதேசியார் கதவைப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். "காலைல ஆறரைக்கு இங்க இருக்கணும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் குனிந்தார். "நாளைக்கு. சண்டே. சரியா?"

மாமா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை அடிபம்பு அருகில் நிறுத்திக் காலைத் தேய்த்துக் கழுவினாள். கழுவிக்கொண்டே நாட்களைச் சொல்லிக்கொடுத்தாள். சண்டே ஞாயிறு, மண்டே திங்கள் என்று அவள் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். தர்ஸ்டே வியாழன் வரைக்கும் ஒழுங்காக வந்தது. ஃப்ரைடே என்றாள். அதற்குமேல் வரவில்லை. கை என் கணுக்காலிலேயே நின்றுவிட்டது.

அம்மாவுக்கு அந்த நாளின் பெயர் மறந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்துவிட்டதே என்று பெருமையாக இருந்தது. "வெள்ளி" என்று தெருவுக்கே கேட்கும்படி எடுத்துக்கொடுத்தேன். அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். பிறகு, எப்போதோ சுத்தமாகிவிட்ட காலையே இன்னும் கொஞ்சநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.