வண்டியை விட்டு இறங்குகிற கேப்டன்

ஆகாயத்தில் ஓடும் கப்பலை எப்படி ஓட்ட வேண்டும் என்று காஞ்சிபுரத்திலேயே ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அவர், ஊருக்கும் ஐயம்பேட்டைக்கும் நடுவே தனியார் பஸ் ஓட்டிய பரசுராமன். நான் அவருடைய கண்டக்டர் சிட்டிபாபு. அவர் வாயிலிருந்து வந்த அத்தனையையும் என் காது வாங்கியிருக்கிறது. அதற்கென்று தனிச் சம்பளம் யாரும் கொடுக்கவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம். மெட்ராஸில் டி.வி. வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியும் எங்கள் ஊரில் பெட்டி வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். செவிலிமேட்டில் புதுசாக மாடி வீடு கட்டிய பட்டுக்கடை கோதண்டபாணி அதில் ஒருவர். மொட்டைமாடியில் தண்ணீர்க் குழாயை நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டியிருந்தார். காற்றடித்தால் படத்தில் மழை பெய்யும். அந்த மழையைப் பார்க்கவும் தெருவே அவர் கூடத்துத் தரையில் உட்கார்ந்திருக்கும். பரசுராமன் தூரத்து உறவு என்பதால் அவருக்கு பெஞ்சில் இடம். ஒட்டிக்கொண்டு போன எனக்கு பெஞ்சின் ஓரம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு இங்கிலீஷ் தொடர் போடுவார்கள். வானத்தில் ஒரு கப்பல் போய்க்கொண்டே இருக்கும். எங்கே போகிறது, எப்போது திரும்பும் என்று கேட்கக் கூடாது. அதில் இறுக்கமான பனியன் போட்ட கேப்டன் ஒருவன். தலையில் விளக்கு எரியும் இயந்திர மனிதன் ஒருவன். காதில் போனை மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண் ஒருத்தி. பரசுராமனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'ஸ்டாப்', 'ரைட்' இரண்டுதான். வண்டி ஓட்டுகிறவனை எடைபோட அது போதும் என்பார்.

கேப்டனைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"ஒரு கெரகம் கண்ணுல பட்டா போதும், மொத ஆளா எறங்கிடுறான் பாரு. இத்தினி பேரு உள்ள இருக்குறப்போ வண்டிய உட்டுட்டு எறங்குறவன் டிரைவராடா? கீழ எவளாச்சும் நின்னுக்கினு இருந்தா பல்லக் காட்டத்தான் போறான்."

இயந்திர மனிதனும் தப்பவில்லை. "நம்ம பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் மாதிரியே இருக்கான். எல்லாம் தெரியும், ஒண்ணுத்துக்கும் உதவ மாட்டான்."

அந்தக் கப்பலில் அவருடைய வசவுக்கு ஆளாகாதவள் போன்காரப் பெண் ஒருத்திதான். அவருடைய மகள் கமலவேணியும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அதே மாதிரி காதில் மாட்டிக்கொண்டு வெளியூர்களுக்கு ட்ரங்க் கால் போடுகிறவள். "கப்பலே அந்தப் பொண்ணு காதுலதான் ஓடுது. ஒரு நாயாச்சும் அதுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்திருக்குதா?" என்று வாராவாரம் கேட்பார். கூடம் முழுக்கச் சிரிக்கும். கோதண்டபாணி மட்டும் சிரிக்க மாட்டார். கேப்டன் என்றால் அவருக்கு உயிர்.

கோதண்டபாணியின் மகன் இளங்கோவனுக்குக் கமலவேணியைக் கட்டுவதாகப் பொங்கலிலிருந்தே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சம்பந்தத்தின் மேல் பரசுராமனுக்கு இருந்த ஆசையில் பாதி டி.வி. மேல் என்பது என் எண்ணம். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஸ்டியரிங் அவர் கையில் இருந்தது.

நிச்சயத்துக்கு முன்னால் பெண்ணே மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. அதற்கும் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். டி.வி. பார்க்க வருகிற மாதிரி வந்து உட்காரட்டும், அப்படியே தலையில் பூவை வைத்துவிடலாம் என்று ஏற்பாடு. ஊரை ஏமாற்ற இவ்வளவு மெனக்கெடுகிற ஜனங்களை வேறு எங்கும் பார்க்க முடியாது. ஊர்தான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்ததே!

கமலவேணி அவள் அம்மா பூவம்மாளோடு பாயில் உட்கார்ந்தாள். கோதண்டபாணியின் மனைவி பெரியநாயகி பக்கத்தில் பூப்பந்தோடு தயாராக இருந்தாள். தொடர் ஆரம்பித்த கையோடு கோதண்டபாணி தொண்டையைச் செருமினார்.

"பரசு, ஒண்ணு இப்பவே சொல்லிடுறேன்பா. கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போவக் கூடாது."

பரசுராமன் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கேப்டன் அப்போதுதான் இறங்கத் தயாராகிக்கொண்டிருந்தான்.

"அதுக்கின்னா, உட்டுட்டாப் போச்சு."

மகளின் முகத்தை நான் பார்த்தேன். பெற்றவர் பார்க்கவில்லை. அந்த எக்ஸ்சேஞ்ச் வேலைக்காக அவள் எத்தனை பரீட்சை எழுதினாள் என்று எனக்கே தெரியும். பரீட்சைக்குப் போக பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவன் நான்.

படத்தில் போன்காரப் பெண்ணின் காதில் ஏதோ விழுந்தது. பதறிப்போய் எழுந்து கையை ஆட்டி ஏதோ சொல்ல வந்தாள். கேப்டன் 'உட்காரு' என்று கையைக் காட்டிவிட்டு, மற்ற ஆம்பிளைகளோடு மேஜையைச் சுற்றி நின்று பேசி முடித்தான். கப்பல் கீழே இறங்கியது. இறங்கியதும் அடி விழுந்து ஒரே புகை.

பரசுராமன் பெஞ்சை விட்டே எழுந்துவிட்டார்.

"டேய் மடையா! காதால கேட்டவ அவடா! அவள ஒரு வார்த்தை கேட்டா உன் வாய் தேஞ்சிப்பூடுமா? நாலு தடியனுங்க சுத்தி நின்னுக்கினு நீங்களே முடிவு பண்ணுவீங்களா? பொண்ணுன்னா மூலையில குந்திக்கினு ஹலோ ஹலோன்னுக்கினே இருக்கணுமா? உனக்கு இன்னா இஷ்டம்மான்னு எவனாச்சும் அவள கேட்டானா?"

"நீ என்னக் கேட்டியாப்பா?"

கமலவேணிதான். குரலை உயர்த்தவே இல்லை. ட்ரங்க் கால் போடுகிற குரலிலேயே கேட்டாள். பூவை நீட்டிய பெரியநாயகியின் கை அப்படியே நின்றது.

"உட்டுட்டாப் போச்சுன்னு சொல்லிட்டியே, அது உன் வேலையா, என் வேலையா?"

"பொண்ணுக்கு வாய் நீளம்," என்றார் கோதண்டபாணி.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். இளங்கோவன் பி.காம். படித்தவன். அப்பா முகத்தைப் பார்த்தான், விட்டத்தைப் பார்த்தான், பிறகு டி.வி.யைப் பார்த்தான். இயந்திர மனிதனுக்காவது தலையில் ஒரு விளக்கு எரியும்.

பரசுராமன் பெட்டிக்கு முதுகைக் காட்டி மகள் பக்கம் திரும்பினார். பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கக்கூட அவர் இவ்வளவு கஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை.

"சரி. இப்ப கேக்குறேன். சொல்லும்மா."

"வேலைய உட மாட்டேன். அதுக்கு ஒத்துக்கினா மேல பேசலாம். இல்லன்னா கெளம்பலாம்."

கோதண்டபாணி எழுந்துபோய் டி.வி.யை அணைத்தார். படம் சுருங்கி ஒரு புள்ளியாகி அதுவும் போய்விட்டது. கேப்டன் பிழைத்தானா என்று தெரியாத கோபத்தில் தரையில் இருந்தவர்கள் எங்களைத்தான் முறைத்தார்கள்.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். பூவம்மாளும் கமலவேணியும் முன்னால், நாங்கள் பின்னால். கொஞ்ச தூரம் பரசுராமன் கேப்டனையே திட்டிக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டேய் சிட்டி, நானும் அவனும் ஒண்ணாடா?"

இத்தனை வருஷம் காது கொடுத்தவனுக்கு இப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு தடவை வருமா?

"இல்லண்ணே. அவன் வாரத்துக்கு அரை மணி நேரந்தான்."

அடி விழும் என்று ஒதுங்கினேன். விழவில்லை. தலையைக் குனிந்துகொண்டே நடந்தார்.

டவுன் பஸ் வந்து நின்றது. எப்போதும் யாரையும் பார்க்காமல் முதலில் ஏறிவிடுகிற மனுஷர், படியில் வைத்த காலைக் கீழே எடுத்துவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல ஏறலாமா, அடுத்ததுல போலாமா?"

ஜன்னல் வழியாக அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். அந்த வண்டிக் கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தான். கமலவேணி சிரிக்கவில்லை. நின்று நிதானமாக பஸ்ஸை முன்னும் பின்னும் பார்த்தாள்.

"ஏறுப்பா," என்றாள்.