நான் கையெழுத்திட்ட காலணிகள்

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பி ஆலையின் மருத்துவ அறையில் வாரத்துக்கு மூன்று காலை உட்காருகிறேன். தீக்கொப்புளம், கண்ணில் விழுந்த துகள், முதுகுப் பிடிப்பு. இவை போக எனக்கு அங்கே ஒரு சின்ன அதிகாரமும் உண்டு. பாதுகாப்பு ஷூ வருடத்துக்கு ஒரு ஜோடிதான். நடுவில் சைஸ் மாற்ற வேண்டுமானால் டாக்டர் கையெழுத்து வேண்டும்.

மேலே கிரேன் ஓட்டுபவர் ஒருவருக்கு மூன்று முறை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எட்டு ஒன்பதாயிற்று, ஒன்பது பத்தாயிற்று, பத்து பதினொன்றாயிற்று. காரணம் என்ற கட்டத்தில் மூன்று தடவையும் ‘கால் வீக்கம்’ என்று எழுதினேன். நீர் வீக்கமென்றால் விரல் அழுத்திய இடத்தில் குழி விழும். அழுத்திப் பார்த்திருந்தால் குழி விழுந்திருக்காது, அது வீக்கமே இல்லை என்று தெரிந்திருக்கும். அழுத்தவில்லை. ஸ்டோர்காரர் மூன்றாவது ஜோடியைக் கிரேன்காரரிடம் நீட்டிக்கொண்டே சொன்னார்: “அடுத்த தபா ஷூ கெடையாது மாமே, படகுதான் ஆர்டர் போடணும்.” அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மருத்துவப் பதிவைப் புதுப்பிக்க எனக்குச் சில மணி நேரப் பயிற்சி குறைந்தது. அதற்காகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடித்துத் திருவள்ளூர் போனேன். ஓட்டல் மாடியில் வகுப்பு. தலைப்பு, வளர்ச்சி ஹார்மோன் கோளாறுகள். பிள்ளைகள் சமாச்சாரம், நமக்கு இதில் என்ன என்று கடைசி வரிசையில் காலாட்டிக்கொண்டு இருந்தேன். பாடம் எடுத்த பெண் மருத்துவர் என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். வயதுக்கு வளராத குழந்தைகளைப் பற்றி மதியம்வரை சொன்னார். பிரியாணிக்குப் பிறகு, பாதிப் பேர் கண் செருகும் வேளையில் கேட்டார்:

“வளர்ந்து முடித்த ஆள். வருடா வருடம் கால் சைஸ் ஏறுகிறது. என்ன செய்வீர்கள்?”

“செருப்புக் கடை வைக்கச் சொல்லுவோம் மேடம்” என்றார் என் பக்கத்தில் இருந்தவர். கூடம் சிரித்தது. என் கால் ஆட்டம் நின்றுபோயிற்று.

பாடம் எடுத்தவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி. அதில் கட்டி வந்தால் ஹார்மோன் கூடிக்கொண்டே போகும். உயரம் ஏறாது, கை தடிக்கும், பாதம் விரியும், தாடை முன்னே வரும். கட்டி கண் நரம்பை அழுத்தினால் பார்வையின் இரண்டு ஓரமும் இருட்டும். தினம் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஒரு மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக இன்னொரு மனிதராகிக்கொண்டிருந்தார், நான் அவருக்குக் குட்மார்னிங் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவரைக் கூப்பிட்டு, வகுப்பில் அந்த மேடம் சொன்னதைச் சொன்னேன். எதிரே உட்கார வைத்து, “என் மூக்கையே பாருங்க, விரல் தெரிஞ்சதும் சொல்லுங்க” என்று பக்கவாட்டிலிருந்து விரலை ஆட்டிக்கொண்டே கொண்டுவந்தேன். காதைத் தாண்டியது, கன்னத்தைத் தாண்டியது. ஏறக்குறைய நேராக வந்த பிறகுதான், “ஆங், தெரியுது” என்றார். இரண்டு பக்கமும் அப்படியே.

“எங்கேயாவது இடிச்சுக்கிறீங்களா?”

“கேபின் கதவு சார். தோள்ல இட்ச்சிக்கினே கீது. கதவுதான் கோணலோன்னு பாத்தேன்.”

அந்த கேபினிலிருந்துதான் அவர் பழுக்கக் காய்ந்த இரும்பை ஆட்களின் தலைக்கு மேல் நகர்த்திக்கொண்டிருந்தார்.

நான் காகிதத்தை எடுத்ததும் புரிந்துகொண்டார். “டெஸ்ட்டு, ஸ்கேனு இன்னா வேணா எடுங்க சார். கிரேன்லேருந்து மட்டும் எறக்கிடாதீங்க. பதினாலு வருசம். கீய நின்னுகினு நான் இன்னா பண்ணுவேன்?”

எழுதினேன். அன்றே இறக்கிவிட்டார்கள். அவர் என்னைப் பார்க்காமல் போனார்.

ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் அதையே சொல்லின. சென்னையில் மூக்கு வழியாக அறுவை செய்து கட்டியை எடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து எடைமேடையில் லாரிச் சீட்டு எழுத வந்தார். முகம் லேசாக வடிந்திருந்தது. பார்வையில் வலது ஓரம் ஏறக்குறையத் திரும்பிவிட்டது. இடது ஓரம் இன்னும் இருட்டு. ஒரு நாள் மருத்துவ அறை வாசலில் வந்து நின்றார்.

“அந்த கிளாசு திரும்ப நடக்குமா சார்?”

“நடக்கும். ஏன்?”

“போனீங்கன்னா அந்த மேடத்தாண்ட கேட்டுக்கினு வாங்க. நான் மறுபடி மேல ஏறலாமா?”

போனேன். இம்முறை எனக்குப் பயிற்சி நேரம் எதுவும் குறையவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். மேடம் சொன்னார்: “ரொம்ப நாள் அழுந்திய நரம்பு. திரும்புவது மெதுவாகத்தான் திரும்பும். ஒரு வருடம் பார்க்கலாம். முழுதாக வரும் என்று மட்டும் அவருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.”

ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எடைமேடைக்குப் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கூடவே, சீக்கிரம் பார்க்காமல் விட்டது நான்தான் என்பதையும் சொன்னேன். ஒரு லாரி உள்ளே வந்து ஹாரன் அடித்தது.

“ஒரு வருசம்தானே சார்” என்றார். பிறகு இடது பக்கம் தலையை முழுக்கத் திருப்பி, லாரி நம்பரைப் படித்து எழுதத் தொடங்கினார்.