கசாப்புக்கடைக்காரருக்கு விழுந்த மாலை

போன குளிர்காலத்தில் என் கணவருக்கு ஓர் இறந்துபோன மனிதர்மேல் பைத்தியம் பிடித்தது.

அந்த மனிதர் சிட்னி காலனியாக இருந்த காலத்தில் கிரிக்கெட் ஆடியவர். கைக்குழந்தையாகக் கப்பலில் வந்து, தச்சுவேலை கற்று, தன் மட்டையைத் தானே செதுக்கிக்கொண்டவர். அப்போதெல்லாம் கையைத் தலைக்குமேல் தூக்கிப் பந்து வீச மாட்டார்கள், கீழிருந்து உருட்டிவிடுவார்கள். காலுக்குக் காப்பு கிடையாது, தலையில் மட்டும் உயரமான தொப்பி. மைதானத்தில் ஆடுகள் மேயும். பிற்பாடு மதுக்கடை நடத்திய அவர், ஒருநாள் குதிரையில் போகும்போது, தான் அடித்த பழைய அடி ஒன்றைக் கூட வந்தவருக்கு நடித்துக் காட்டப்போய்க் கீழே விழுந்து இறந்தார்.

இதை என் கணவர் எல்லாரிடமும் சொன்னார். பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துவைத்துக்கொண்டே பாதிக் கதை சொன்னார்.

அக்கறையாகக் கேட்டவர் சிட்னியின் டூங்கபி பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டு அங்கிள் மட்டும்தான். யாழ்ப்பாணத்துக்காரர், கிரிக்கெட் என்றால் சாப்பாட்டை மறப்பவர். ஞாயிற்றுக்கிழமை மூவரும் அவர் காரில் ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போனோம். அர்ச்சகர் ஒரு மாலை கொடுத்தார். திரும்பும் வழியில் என் கணவர் மெல்ல ஆரம்பித்தார்.

"அங்கிள், அவரோட கல்லறை இந்தப் பக்கம்தான். ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடலாமா?"

"ஓம், போவம்."

"கோயிலுக்குப் போயிட்டு நேரா கல்லறைக்கா?" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

பழைய தேவாலயத்தின் பின்னால் கல்லெல்லாம் சாய்ந்து கிடந்தது. எழுத்துகள் பாசியில் மறைந்திருந்தன. என் கணவர் ஒரு பெரிய கல்லின் முன் நின்று, முதல் எழுத்தை விரலால் தடவிப் பார்த்து, "இவர்தான்!" என்றார். தடுப்பதற்குள் பெருமாள் மாலையைக் கல்லுக்குச் சூட்டிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அங்கிளும் கழற்றினார். எனக்கும் வேறு வழியில்லை.

அப்போது பூங்கொத்தோடு ஒரு வெள்ளைக்கார மூதாட்டி வந்தார். மாலையைப் பார்த்தார், எங்கள் வெறுங்காலைப் பார்த்தார். "என் கொள்ளுத்தாத்தாவை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மாபெரும் கிரிக்கெட் வீரர் ஆயிற்றே!" என்றார் என் கணவர், கண் கலங்கி.

"கிரிக்கெட்டா? அவர் கசாப்புக்கடை வைத்திருந்தார். கடைக் கண்ணாடியை உடைக்கிறார்கள் என்று கிரிக்கெட்காரர்களைக் கத்தியோடு துரத்துவாராம்."

என் கணவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் திரும்பி நின்று இருமுவதுபோல் சிரித்தேன். மூதாட்டியே எங்களை அழைத்துப்போய் உண்மையான கல்லறையைக் காட்டினார். முழங்கால் உயரம்கூட இல்லை. மேலே ஒரு பல்லி வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"மாலையை எடுத்துட்டு வந்துடறேன்," என்றார் என் கணவர்.

"போட்டதைக் கழட்டுறதோ? விடுங்கோ தம்பி," என்றார் அங்கிள். "இவருக்கு நாங்கள் வேற ஏதும் செய்வம்."

காரின் டிக்கியைத் திறந்து, எங்களுக்குத் தருவதற்காகத் தன் தோட்டத்திலிருந்து பறித்து வந்திருந்த எலுமிச்சம்பழங்களில் ஒன்றை எடுத்து வந்தார். மட்டைக்குப் பதிலாக என் கணவர் கையில் டிக்கியில் கிடந்த குடையைக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் ஸ்டம்பாக என் கைப்பையைச் செங்குத்தாக நிறுத்தி வைத்தார்.

"அந்தக் காலத்து முறையில, கீழால போடுறன். கவனம்!"

கல்லறைகளுக்கு நடுவே இருந்த புல்வழியில் எலுமிச்சம்பழம் உருண்டு வந்தது. என் கணவர் முன்காலை நீட்டி, தொலைக்காட்சியில் பார்த்த அழகோடு குடையை வீசினார். பட்டன் அழுந்திக் குடை விரிந்துகொண்டது. பழம் அதன் அடியில் புகுந்து என் பையைச் சாய்த்தது.

"அவுட்!" என்று நான் கத்தினேன்.

"குடை விரிஞ்சிடுச்சு! செல்லாது!"

மூதாட்டி பூங்கொத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கை ஆட்காட்டி விரலை நிதானமாக உயர்த்தினார்.

வீடு வரும்வரை என் கணவர் குடையின் பட்டனையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிளோ ஒவ்வொரு சிக்னலிலும், "பந்து கொஞ்சம் திரும்பினது, கண்டனீங்களோ பிள்ளை?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார்.