ஏரிக்கரைக்குப் போன பட்டாசு

அப்போது நான் நான்காவது படித்தேன். நைனா கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். ஒருநாள் உலை வெடித்தது. கூட நின்ற இரண்டு பேர் போய்விட்டார்கள். நைனாவுக்கு முழங்கையில் மட்டும் காயம். பிழைத்துக்கொண்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நாங்கள் இருந்தது லைன் வீடு. வரிசையாக வீடுகள், மேலே ஒரே சிமெண்ட் ஷீட். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். பக்கத்து வீட்டு அத்தையின் குக்கர் விசில் அடித்தால் போதும், நைனா சட்டைகூட இல்லாமல் தெருவுக்கு ஓடுவார்.

"வெளிய வாங்கடா! வெளிய வந்துருங்கடா!"

செத்துப்போன இரண்டு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அம்மா போய்க் கையைப் பிடித்து அழைத்து வருவாள். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

கொஞ்ச நாளில் லைனில் விசில் சத்தமே நின்றுபோனது. எல்லா வீட்டிலும் விறகடுப்பில் பானை வைத்துச் சோறு வடித்தார்கள். கேஸ் விலை ஏறிவிட்டது போல என்று இருந்துவிட்டேன். எங்கள் வாசல் வந்தால் பேச்சையும் நிறுத்திக்கொண்டு நடந்தார்கள். அதுதான் பிடிக்கவில்லை. எங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

தீபாவளி வந்தது. வருஷா வருஷம் லைனில் முதல் சரத்தை எங்கள் வாசலில் நைனாதான் கொளுத்துவார். அன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது கவுனோடு நின்றேன். யாரும் வரவில்லை. பட்டாசைப் பையில் போட்டுக்கொண்டு மொத்த லைனும் ஏரிக்கரைப் பக்கம் நடந்தது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தையும் போனாள்.

"அத்தே, நானும் வரேன்."

அத்தையின் மகள் திரும்பி, "நீ வந்தா உங்க நைனாவும் பின்னாடியே ஓடியாந்துருவாரு" என்றாள். அத்தை அவள் தலையில் ஒன்று வைத்தாள்.

"நீ ஊட்ல இரு கண்ணு. எழுந்தார்னா உன்னதான் தேடுவாரு."

உள்ளே நைனா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா அவர் காலடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஒரு காகிதத் துண்டுகூட இல்லை. நான் படியில் உட்கார்ந்து, கவுனில் இருந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தேன்.

வெயில் ஏறியபின் வந்தார்கள். காலெல்லாம் சேறு. அத்தையின் முகம் வாடியிருந்தது. ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டியை என்னிடம் நீட்டினாள்.

"இத்த கொளுத்து. சத்தம் வராது."

நான் வாங்கவில்லை. அவள் அம்மாவிடம், "அண்ணன் தூங்குனாரா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இன்னும் தூங்கினுதான் கீறாரு."

சொன்ன அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. அத்தையின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. என்னை விட்டுவிட்டுப் போனவளின் கையைப் பிடித்துக்கொண்டு இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.