படத்துக்கு முன்னால் எரிந்த சிவப்பு பல்பு

இரண்டு முறை முட்டையிட்டு, இரண்டு முறையும் விடிவதற்குள் ஒன்றுகூட மிச்சமில்லை. எங்கள் தொட்டியில் இருந்தவை இரண்டே ஏஞ்சல் மீன்கள், ஒரு ஜோடி. தின்றது யாரென்று தெரிந்துகொள்ள ஓசூர் மீன் கடைக்காரரிடம் போனேன்.

"ராத்திரி வூட்டுக்கு எத்தன மணிக்கு வருவீங்க சார்?"

"செகண்ட் ஷிப்ட்டு. பதினொன்றரை ஆவும்."

"வந்ததும் டியூப் லைட்ட போடுவீங்க."

"இருட்டுல எப்படிங்க சாப்பிடறது?"

"திடீர்னு வெளிச்சம் அடிச்சா அதுங்க மிரண்டுக்கும் சார். மிரண்டா முட்டைய வாயில போட்டுக்கும். கம்பெனியில பீஸ் செக் பண்ற மாதிரி நீங்க லைட்டு அடிச்சிக்கினு நின்னா, அது எப்படி குடும்பம் நடத்தும்? பாக்கணும்னா சிவப்பு லைட்டுல பாருங்க. அது அதுங்க கண்ணுக்கு அவ்வளவா தெரியாது."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பாதியைத்தான் சொன்னேன். சிவப்பு வெளிச்சம் மீனுக்கு நல்லதாம் என்று. முதல் இரண்டு முறையும் விளக்கைப் போட்டது என் விரல் என்பதை விழுங்கிவிட்டேன்.

அவள் தளி சாலையில் ஒரு பசுமைக்குடிலில் ரோஜா தரம் பிரிக்கிறாள். முள் கிழித்த விரல்களோடு வந்து, தொட்டியின் முன்னால்தான் முதலில் உட்காருவாள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தி ஆறு வருடமாகிறது. அதைப் பற்றி இந்த வீட்டில் பேச்சு கிடையாது. மீன் மூன்றாவது தடவை, தொட்டிக்குள் நிற்கும் பில்டர் பைப்பில் வரிசையாக முட்டையிட்ட அன்று, "இந்தத் தடவ பொரிச்சிடும் பாருங்க" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

சுவரில் இயேசுவின் திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எரியும் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பை அவளேதான் கழற்றித் தந்தாள்.

"ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரா?" என்றேன்.

"மூணு நாளைக்கு இருட்டுல இருக்கட்டும். நமக்கு மட்டும்தான் இருட்டா?"

அதைத் தொட்டிமேல் மாட்டினேன். இரண்டு இரவுகள் ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு, மூச்சைக்கூட அளந்து விட்டபடி உட்கார்ந்தேன். சிவப்பு நீரில் தாயும் தகப்பனும் முறை வைத்து முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறின. பூஞ்சை பிடித்து வெளுத்த முட்டையைத் தாய் மட்டும் கொத்தி எடுத்தது. ஷிப்ட் மாறுவதுபோல் ஒன்று விலக, ஒன்று வந்து நின்றது. எங்கள் கம்பெனியில்கூட அவ்வளவு ஒழுங்காக யாரும் யாரையும் விடுவிப்பதில்லை. இரண்டாம் இரவில் முட்டைக்குள் வால்கள் துடித்தன.

மூன்றாம் இரவு பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெரு இருண்டிருந்தது. கரண்ட் கட். கதவைத் திறந்தேன். உள்ளே வந்ததும் என் விரல், பதினேழு வருடப் பழக்கத்தில், சுவரிலிருந்த சுவிட்சை அழுத்தியது. எதுவும் எரியவில்லை. எரியாததால் அழுத்தியதே நினைவில் நிற்கவில்லை. இருட்டில் தொட்டிமுன் போய் உட்கார்ந்தேன். தண்ணீரும் தெரியவில்லை, மீனும் தெரியவில்லை. உள்ளே அவள் தூங்கும் சத்தம் மட்டும்.

ஒரு மணி சுமாருக்குக் கரண்ட் வந்தது.

டியூப் லைட் இரண்டு முறை வெட்டி, பளீரென்று எரிந்தது. இரண்டு மீன்களும் கண்ணாடியில் மோதின. நான் எழுந்தேன், ஆனால் சுவிட்ச் பக்கம் போகவில்லை. அணைத்தால் இன்னும் மிரளுமோ என்று நின்றேன். நின்ற நேரத்தில் தாய் பைப்பருகே திரும்பி வந்தது. முதல் வரிசையிலிருந்து தொடங்கியது. அவசரமே இல்லை. தகப்பன் கீழ் வரிசையை எடுத்துக்கொண்டது.

அவள் எழுந்து வந்தபோது பைப் வெறுமையாக இருந்தது.

"பாவிங்க. பெத்ததையே தின்னுட்டு எப்படி நிக்குதுங்க பாரு. காலையில கடையிலயே வுட்டுட்டு வந்துடுங்க. என் கண்ணுல படக்கூடாது."

சும்மா இருந்திருக்கலாம். மீன்கள் வாய் திறந்து ஒன்றும் சொல்லப்போவதில்லை.

"அதுங்கள திட்டாத. வெளிச்சம் பட்டா மிரண்டு தின்னுடுமாம். லைட்டு போட்டது நான்."

"கரண்டுதானே வந்துச்சு?"

"சுவிட்ச ஆன்ல வுட்டது நான்தான்."

அவள் டியூப் லைட்டைப் பார்த்தாள். பிறகு என்னை.

"முன்ன ரெண்டு தடவ?"

"அப்பவும்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தொட்டிமேலிருந்த பல்பைப் புடவைத் தலைப்பால் பிடித்துக் கழற்றினாள். படத்துக்கு முன்னால் திரும்ப மாட்டினாள். இறங்கி வந்து, டியூப் லைட்டை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அந்தச் சிவப்பு தொட்டிவரை எட்டவில்லை.