அப்பாவின் கடைசி ரயிலும் என் மடிப்பு போனும்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். என் அப்பா ரயில் ஓட்டுநர். பணி ஓய்வு பெறும் நாளில் அவர் தன் கடைசி வண்டியை ஜோலார்பேட்டையில் கொண்டுவந்து நிறுத்துவதை, துபாயிலிருக்கும் அண்ணனுக்கு வீடியோ காலில் காட்ட ஆசைப்பட்டேன். அதற்காகவே மெல்லிய மடிப்பு போன் ஒன்றை வாங்கினேன்.

செல்போன் கடையில் வேலை செய்யும் என் பள்ளித் தோழி கவிதாதான் எடுத்துக் கொடுத்தாள். "கண்ண மூடினு எடுடி. கேமரா சூப்பரா இருக்கும், சார்ஜ் நாள் பூரா நிக்கும்" என்றாள்.

அன்று காலை முழு சார்ஜோடு கிளம்பினேன். பிளாட்பாரத்தில் அண்ணனை அழைத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, போன் கையில் கொதித்தது. தூரத்தில் இன்ஜின் தெரிந்தது. "இன்னாமா, எல்லாம் மங்கலா இருக்கு. அப்பா எங்க?" என்று அண்ணன் கேட்கும்போதே திரை அணைந்துவிட்டது. சக ஊழியர்கள் போட்ட மாலையோடு இறங்கிய அப்பா, அண்ணன் பார்க்கிறான் என்று நினைத்து, அந்த அணைந்த போனைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார்.

மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டேன். "பல மாசமா ஷோகேஸ்ல ஆன்லயே இருந்த பீஸ்டி. பேட்டரி வீக்குதான். தள்ளிவிடச் சொல்லி ஓனர் ஒரே பேஜாரு" என்றாள் கவிதா.

"அத என்கிட்டயா தள்ளணும்?" என்றேன்.

இப்போதெல்லாம் யார் விற்றாலும் புதுப் பெட்டியை என் எதிரிலேயே பிரிக்கச் சொல்கிறேன். முக்கியமான நாளுக்கு முன்பே வீடியோ கால் போட்டு, சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துவிடுகிறேன். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகும் காலை பஸ்ஸில் கவிதா இன்னும் எனக்கு இடம் பிடித்து வைக்கிறாள். நான் நின்றுகொண்டே போகிறேன்.